மேடைக்குப் பின்னால்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகளைக் கேட்டிருக்கிறேன். ஒன்றில்கூட நாற்காலியில் அமர்ந்து கேட்டதில்லை. மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், சுருட்டி வைத்த ஒயர்களின்மேல் உட்கார்ந்து கேட்டவைதாம் அத்தனையும். என் அப்பா மைக் செட்காரர்.

இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். தாத்தா வயல் வேலை செய்தவர். பெரிய வீட்டுக் கல்யாணப் பந்தல்களுக்குள் போக எங்கள் தெருக்காரர்களுக்கு அந்நாளில் வழியில்லை. ஆனால் பந்தலுக்கு வெளியே தென்னை மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு அதில் சுழலும். வாய்க்கால் கரையில் நின்று தாத்தா கேட்பாராம். 1956-இல் பிள்ளை மறைந்த பிறகும் அந்தத் தட்டு மறையவில்லை. "பந்தல் அவங்களுக்கு, குழாய் நமக்கு" என்று தாத்தா அடிக்கடி சொல்வார். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட மகனுக்கு, ஒரு கன்றுக்குட்டியை விற்று முதல் ஆம்ப்ளிஃபயரை அவர் வாங்கிக் கொடுத்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்பா புதிதாக ஓர் இடத்துக்குப் போனால், சாமான்களை இறக்குவதற்கு முன் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு, "கல் மண்டபம் எதையும் விழுங்காது, திருப்பிக் கொடுக்கும். பெட்டியைத் தாழ்த்தி வை" என்பார். கீற்றுப் பந்தலானால், "இது நல்லா விழுங்கும், கவலையில்லை" என்பார். புதுக் கல்யாண மண்டபங்களில் சுவரெல்லாம் வழவழவென்று கல் பதித்திருப்பார்கள். அங்கே பாடகர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் முன் சொல் திரும்பி வந்து மோதும். அப்பா பதறமாட்டார். "கூட்டம் வந்து உட்காரட்டும், சரியாயிடும்" என்பார். சரியாகிவிடும்.

இந்த ஆண்டு ஒலியியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் சபைன் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞரைப் பற்றிச் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு சபைனிடம் வந்தது. ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். பக்கத்து அரங்கின் மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டு மீண்டும் மீண்டும் அளந்தார். மண்டபம் பெரிதானால் எதிரொலிப்பு நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்று சூத்திரம் தந்தார். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய ஆலோசனையில் எழுந்தது. அமர்ந்திருக்கும் மனிதர்களும் ஒலியை உறிஞ்சுவார்கள் என்று பேராசிரியர் சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. அப்பாவின் குரல் கேட்டது: "கூட்டம் வந்து உட்காரட்டும்."

சென்ற கோடை விடுமுறையில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படித்தேன். கும்பகோணத்தில் படிக்கும் பாபு, ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் பகுதிகளை இருமுறை படித்தேன். 1921-இல் தேவங்குடியில் பிறந்த அந்த எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் பிறகு அகில இந்திய வானொலியிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1979-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார். "எழுதினா சோறு வருமா?" என்று கேட்கும் அப்பாவுக்கு அந்த வரலாற்றைச் சொன்னேன். "வேலையோட எழுது" என்று உத்தரவு கிடைத்தது. கச்சேரியை முன்னாலிருந்து கேட்டு எழுதியவர்கள் பலர். பின்னாலிருந்து கேட்டவன் என்ன எழுதுவான்? முதலில் ஒரு கடனைத் தீர்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவுக்கு மைக் செட் கொண்டு வந்தவர் என் அப்பாதான். குட்டி யானை வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் நண்பர்களோடு நின்றேன். அதற்கு முன்பு யார் கேட்டாலும், "அப்பா சொந்தத் தொழில்" என்று மட்டுமே சொல்லியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அந்த ஒயரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்."

வீட்டில் என்னை "டேய் பெரியவனே" என்று அழைப்பவர் அவர். என் மானத்தைக் காப்பாற்ற, பெற்ற மகனுக்கே 'ங்க' போட்டுப் பேசினார். நானும் அந்நியனைப் போல ஒயரைத் தள்ளிப் போட்டேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; இன்றுவரை பேசவில்லை.

நண்பர்களே, இந்த ஆண்டு விழாவிலும் அதே மைக் செட்தான். விழா தொடங்குவதற்கு முன், காலி அரங்கின் நடுவில் ஒருவர் நின்று கைதட்டுவார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். சிரிக்காதீர்கள். அவர் அரங்கை அளந்துகொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டு நான் நிற்பேன். வாருங்கள், அறிமுகப்படுத்துகிறேன். அவர் என் அப்பா.