பாய் முடையவா அனுப்புனோம்?

பாலவனத்தத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் போன வாரம் தாள் பின்னல். பழைய காலண்டர் தாளை ஓரம் விட்டு வரிவரியாகக் கீறி, கலர் தாள் கீற்றுகளை மேலே ஒன்று, கீழே ஒன்று எனக் கோக்க வேண்டும். அடுத்த வரிசையில் மாற்றிக் கோக்காவிட்டால் கீற்று நிற்காது, உருவிக்கொள்ளும். ஒற்றைப்படை, இரட்டைப்படை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியாது.

பேரனைக் கூட்டிப்போக வந்த பாட்டி வாசலிலேயே நின்றுவிட்டார். காலமெல்லாம் ஓலைப்பெட்டி முடைந்த கை.

"ஏம்மா, பாய் முடையவா பிள்ளைய அனுப்புனோம்?"

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954-இல் முதல்வரான நம் விருதுநகர்க்காரர் காமராசர் அதைக் கைவிட்டார். திட்டம் போனது, பயம் போகவில்லை. போகக் காரணமும் இல்லையே.

ஜெர்மனியில் ஃபிரோபெல் தொடங்கிய கிண்டர்கார்டனிலும் தாள் பின்னல் உண்டு. அங்கே பின்னிய பிள்ளையைப் பார்த்து 'பரம்பரைத் திறமை' என்று யாரும் மெச்சியிருக்க மாட்டார்கள். எங்கள் வகுப்புக்கு வந்த விருந்தினர் ஒருவர் மெச்சினார். அன்று நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றோம்.

பாட்டிக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பின்னல் அரை மணி. மிச்ச நேரம் வாசிப்பும் கணக்கும். இப்போது பாட்டி முன்னதாகவே வந்து உட்கார்ந்து, பேரன் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்.