ஐந்து ஒயர்களும் ஒரு தவறும்

"சார் வரலீங்களா?"

கோவையில் உதிரிபாகக் கடைகளின் கல்லாவுக்கு முன்னால் நின்று இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அன்றைக்கு நான் வாங்கப் போனது ஒரு செட் பிளக் ஒயர்.

"என்ன வண்டிங்க?"

"எஸ்டீம். கார்ப்புரேட்டர் மாடல். ஹெட் வேலை செஞ்சிருக்கு, கேம் மாத்தியிருக்கு, ஹெடர் போட்டிருக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். சுண்டுவிரல் தடிமனில் சிவப்பு ஒயர்கள் சுருட்டி வைத்த ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். "பத்து எம்.எம்.ங்க. ரேஸ் பசங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க. எதுக்கும் சார்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க."

எந்த சாரைக் கேட்பது? எனக்கு 41 வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். சிங்காநல்லூரில் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் 16 வருடங்களாக வேலை செய்கிறேன். 'அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கா' என்பதுதான் வீட்டில் அந்த வேலைக்குப் பெயர். போர்டில் அப்பாவின் பெயருக்குப் பின்னால் 'அண்ட் சன்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சன் என் தம்பி. நல்லவன், நல்ல மெக்கானிக். இந்தக் கட்டுரை அவன் மீதான புகார் அல்ல.

அந்த எஸ்டீம் ஒரு வாடிக்கையாளருடையது. செட்டிபாளையத்தில் 2003இல் தொடங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வார இறுதிகளில் ஓட்டுகிறவர். ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றியிருந்தோம். வேறு கேம்ஷாஃப்ட், நான்கு குழாய்கள் ஒன்றாகச் சேரும் ஹெடர் என்று எஞ்சினில் பாதி புதிது. பிளக் ஒயர்கள் மட்டும் பழையவை. ஐடிலில் வண்டி பூனை மாதிரி உறுமும். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் சுத்தமாக ஏறும். ஆனால் ட்ராக்கில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 5500 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் திக்க ஆரம்பித்துவிடும்.

தம்பி கார்ப்புரேட்டர்தான் காரணம் என்றான். இரண்டு முறை ஜெட் மாற்றினான். சரியாகவில்லை. நான் ஒயர் என்றேன். அந்தச் சொல் காற்றில் போனது. மறுநாள் வாடிக்கையாளர், "கரண்ட் பக்கம் ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டபோது, "பாத்தரலாம்ங்க" என்றான் தம்பி. உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் இது நடந்திருக்கும். நாம் சொன்ன வாக்கியம் ஓர் ஆணின் வாய் வழியாகத் திரும்பி வந்த பிறகுதான் அது காதில் விழுந்ததாகக் கணக்கு.

மீட்டரை எடுத்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள நான்கு சிலிண்டர் வண்டியில் ஐந்து ஒயர்கள் இருக்கும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, அங்கிருந்து பிளக்குகளுக்கு நான்கு. நீளத்துக்குத் தக்கபடி மற்றவை எல்லாம் 10 கிலோ ஓமுக்குள் காட்டின. மூன்றாவது ஒயர் 40ஐத் தாண்டியது. லேசாக வளைத்தால் மீட்டரில் எண்ணே வரவில்லை, உள்ளே இழை விட்டுப்போயிருந்தது. அன்று இரவு ஷட்டரை இறக்கி, விளக்குகளை அணைத்து, எஞ்சினை ஓட விட்டு, பூச்செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரால் ஒயர்கள் மேல் கொஞ்சம் தண்ணீரைப் பனிபோல அடித்தேன். அந்த மூன்றாவது ஒயரின் மூட்டிலிருந்து நீலமாக மெல்லிய கோடு ஒன்று பக்கத்து இரும்புக்குத் தாவிக்கொண்டே இருந்தது. அப்பா, தம்பி, நான் மூவரும் இருட்டில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை.

காரணம் எளிமையானது. பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியைத் தாண்டித்தான் பொறி பாய வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அதைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் தேவை. ஆயிரக்கணக்கான வோல்ட்டுகள் ஒயரில் ஏறி நிற்கும்போது உறையில் விரிசல் இருந்தால், மின்சாரம் கஷ்டமான வழியை விட்டுவிட்டு விரிசல் வழியே இரும்புக்குப் போய்விடும். சாதாரண எஞ்சினில் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய ஒயர், கம்ப்ரஷனை ஏற்றிய எஞ்சினில் தோற்றுப்போனது.

இந்த அறிவு எனக்குப் பாலிடெக்னிக்கில் மட்டும் வந்ததல்ல. என் அம்மா பம்ப்செட் கம்பெனி ஒன்றில் மோட்டார் வைண்டிங் செய்தவர். இந்த ஊர் மோட்டார்களுக்குள் இருக்கும் காப்பர் கம்பியில் எவ்வளவோ பெண்களின் கைகளில் சுற்றப்பட்டது. எனாமலில் நகக்கீறல் விழுந்தால் அந்தக் காயில் புகைந்துவிடும் என்று அம்மா சொல்வார். கம்பியை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டே கீறலைக் கண்டுபிடிப்பார். மின்கசிவைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்திருந்ததை யாரும் தொழில்நுட்பம் என்று சொல்லவில்லை. 'கைவேலை' என்றார்கள். பீஸ் கணக்கில் கூலி கொடுத்தார்கள்.

ஆக, புது ஒயர் வாங்குவது என்று முடிவானது. எந்த ஒயர்?

வண்டியோடு வருவது பெரும்பாலும் கார்பன் ஒயர். கார்பன் ஏற்றிய நூலிழைதான் உள்ளே மின்கடத்தி. மின்தடை அதிகம், ரேடியோவில் இரைச்சல் வராது, ஆனால் சூட்டிலும் இழுப்பிலும் நாளாக நாளாக விட்டுப்போகும். இன்னொன்று முழுக் காப்பர் கம்பி. மின்தடை கிட்டத்தட்ட இல்லை. பொறி பலமாக வரும் என்று நம்பி வாங்குவார்கள். அது பக்கத்து மின்னணுப் பொருள்கள் எல்லாவற்றையும் குழப்பும் அளவுக்கு இரைச்சலை வீசும். ஆர்.பி.எம். மீட்டரின் முள் பேய் பிடித்த மாதிரி ஆடும். மூன்றாவது, ஸ்பைரல் ஒயர். மெல்லிய உலோகக் கம்பியை ஓர் இழையின் மேல் நெருக்கமாகச் சுருளச் சுற்றியிருப்பார்கள். மின்தடை குறைவு, அந்தச் சுருளே இரைச்சலையும் அடக்கும். அம்மாவுக்குக் காட்டியிருந்தால் "வைண்டிங்தானே இது" என்றிருப்பார்.

விற்கிறவர்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒயரின் ஓம் குறைந்தால் குதிரைத்திறன் கூடிவிடாது. பொறி பாயும் நொடி வரை அந்தப் பாதையில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. அதனால் ஒயரின் மின்தடை வோல்ட்டேஜைப் பெரிதாகத் தின்பதில்லை. தடிமனும் அப்படித்தான். 10 எம்.எம். என்பது வெளி உறையின் கணக்கு, உள்ளே ஓடும் கம்பி மெலிதுதான். தடித்த ஒயர் பழைய தாங்கிகளில் உட்காராமல் தொங்கி, ஹெடரில் உரசித் தீய்ந்தும் போகலாம். பார்க்க வேண்டியவை: சூடு தாங்கும் சிலிக்கான் உறை, பிளக்கில் இறுக்கமாக உட்காரும் மூட்டு, சரியான நீளம், ஒழுங்காக அழுத்திய முனைகள்.

நான் 8 எம்.எம். ஸ்பைரல் செட்டைக் கேட்டு வாங்கினேன். கருப்பு நிறம். "சார்கிட்ட கேக்கலீங்களா?" என்றார் கடைக்காரர் மறுபடியும். ரசீதில் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பெர்த்தா பென்ஸை நினைத்துக்கொண்டேன். 1888 ஆகஸ்டில், கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் காரில் போனவர். காரில் இவ்வளவு தூரம் அதற்கு முன் யாரும் போனதில்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், இக்னிஷன் ஒயரின் உறை தேய்ந்து பழுதானபோது காலுறைப் பட்டியைச் சுற்றி அதைக் காப்பிட்டார் என்று சொல்கிறார்கள். எங்கு வாசித்தாலும் இதை ஒரு வேடிக்கைக் கதையாக, ஒரு பெண்ணின் உடைகளைப் பற்றிய கதையாகவே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு மெக்கானிக். நடுவழியில் கோளாறு மின்கசிவு என்று கண்டுபிடித்தவர், எந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது என்று தெரிந்தவர். அவருடைய சீதனப் பணம் அந்தத் தொழிலில் போடப்பட்டிருந்தது. 1886இல் காருக்கு வாங்கிய காப்புரிமை கார்லின் பெயரில் இருந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது என் வெற்றிக்கதை. ஆனால் உண்மையில் நடந்தது வேறு.

ஒயர்களை நானே மாட்டினேன். மிக அழகாக. எல்லா ஒயர்களையும் ஒன்றோடொன்று ஒட்டி, வரிசையாக, சீரான இடைவெளியில் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டினேன், பள்ளிக்கூடத்துக்குப் பின்னிவிட்ட ஜடை மாதிரி. பானட்டைத் திறந்து பார்க்கிற எவரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம். பெண்பிள்ளை செய்தது என்று தெரிந்தால் முதலில் சுத்தத்தைத்தான் பார்ப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையத்தில் முதல் சுற்று ஓடியது. திக்கல் இல்லை. இரண்டாவது சுற்றில் நேர்ப்பாதையில் 'டப் டப்' என்று வெடிச் சத்தம். வண்டி பிட்டுக்குத் திரும்பியது. வாடிக்கையாளர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் தம்பியைத்தான் பார்த்தார்.

எனக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. இந்த எஞ்சினில் பொறி பாயும் வரிசை 1, 3, 4, 2. அப்புறம் மறுபடி 1. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் ஒன்றாவது ஒயரும் இரண்டாவது ஒயரும் நீண்ட தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. அடுத்தடுத்துப் பொறி பாயும் சிலிண்டர்களின் ஒயர்கள் இப்படி ஒட்டி ஓடினால், ஒன்றில் பாயும் உயர் அழுத்த மின்சாரம் உறையைக் கிழிக்காமலே மற்றதில் தூண்டலை ஏற்படுத்தலாம். இரண்டாவது சிலிண்டரில் பொறி பாயும்போது, அப்போதுதான் பெட்ரோலும் காற்றும் நிறைந்து அழுத்தம் தொடங்குகிற ஒன்றாவது சிலிண்டரிலும் தவறான நேரத்தில் பொறி விழும். அப்படியே ஓடவிட்டால் பிஸ்டன் போய்விடும். உறை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஒயர்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அழகாகக் கட்டுகிற வேகத்தில் மறந்துபோனேன்.

"என் தப்புங்க" என்றேன். "ஒயரச் சேத்துக் கட்டியிருக்கக் கூடாது."

தம்பி மெதுவாக, "அக்கா, கார்ப்புரேட்டர்னு சொல்லிறலாம்" என்றான். காப்பாற்றத்தான் சொன்னான். அவனுக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவன் ஒரு வண்டியில் ஆயில் டிரெயின் போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டு, எஞ்சின் சீஸ் ஆனது. "தொழில்னா நாலு அடி படணும்" என்றார் அப்பா. வாடிக்கையாளரும் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். அது அனுபவம். நான் கட்டிய நான்கு பிளாஸ்டிக் டைக்கு இந்த வாடிக்கையாளர் சொன்னது இது: "அதான், பாப்பாகிட்ட எதுக்குக் குடுத்தீங்கன்னு கேக்கறேன்." அவன் செய்த தவறு அவனுடையது. என் தவறு மட்டும் பெண்கள் எல்லோருடையதும் ஆகிவிடுகிறது.

கட்டரை எடுத்து டைகளை வெட்டினேன். ஒன்றையும் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, நடுவே தாங்கி வைத்து, குறுக்கிட வேண்டிய இடத்தில் ஒட்டி ஓடாமல் நேர்க்குறுக்காகத் தாண்டவிட்டேன். பார்க்க அழகாக இல்லை. அடுத்த எட்டுச் சுற்றுகளும் வண்டி ஒரு சத்தம் போடாமல் ஓடியது. அவர் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போகவில்லை, எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச் சீட்டு உண்டு. கடைசி வரியில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம். 16 வருடங்களாக நான் செய்த வேலைகளுக்கும் அதில் தம்பியின் கையெழுத்துதான். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வேண்டுமே என்று அப்பா வைத்த வழக்கம். திங்கட்கிழமை காலை அந்தச் சீட்டை எடுத்து எழுதினேன்: "புது ஒயர்களைச் சேர்த்துக் கட்டியதால் ஒன்றாவது சிலிண்டரில் தவறான நேரத்தில் பொறி. பிரித்து மாட்டியபின் சரியானது." கட்டத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் என் முதல் கையெழுத்து ஒரு தவறுக்குக் கீழே விழுந்தது.

முன்பெல்லாம் நான் செய்த சரியான வேலைகளுக்குப் பெயர் கிடைக்கவில்லையே என்றுதான் வருந்துவேன். அன்றைக்குத்தான் புரிந்தது, என் தவறுகளும் என் பெயரில் இருந்ததில்லை. தவறக்கூட உரிமை இல்லாத இடத்தில் நான் வேலை செய்யவில்லை, ஒத்தாசைதான் செய்துகொண்டிருந்தேன்.

அப்பா சீட்டைப் படித்தார். "இத எதுக்குச் சாமி எழுதி வெக்கறே? நாலு பேரு பாப்பாங்க" என்றார்.

"பாக்கட்டும்ப்பா. போர்டுல என் பேரும் வரணும். பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதணும்."

அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பிகிட்டப் பேசறேன்" என்றார் கடைசியில். பேசினாரா என்று தெரியவில்லை. பத்திரம் இன்னும் எழுதவில்லை, நான் கேட்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் போன வாரம் வந்த வண்டியின் வேலைச் சீட்டைத் தம்பி என்னிடம் நீட்டினான். பொறுப்புக் கட்டம் காலியாக இருந்தது.