மட்டக்களப்பு வாவியிலே தூண்டில்

மட்டக்களப்பு என்னும் பெயருக்குள்ளேயே ஒரு வாவி அடங்கியிருக்கின்றது. களப்பு என்றால் கடலோடு தொடுப்புடைய, ஆழங்குறைந்த நீர்நிலை. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தூரம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு நாட்டை இரண்டாகப் பகுத்து வைத்திருக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரையாகக் கிடக்கும் எழுவான்கரையிலே தென்னந்தோட்டங்களும் நெருங்கிய ஊர்களும் உள்ளன. படுவான்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் குளமும் மேய்ச்சல் நிலமும். திசையறி கருவி இல்லாத காலத்திலே, சூரியனையே சாட்சியாக வைத்து நம் முன்னோர் இட்ட இப்பெயர்களைக் காட்டிலும் பொருத்தமான பெயர்கள் வேறு கிடைப்பது அரிது.

இவ்வாவியைக் காண வருவோரிற் பலர் கல்லடிப் பாலத்தோடு திரும்பிவிடுகின்றனர். நிலாக்காலத்து இரவிலே தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையிற் செவியை வைத்துப் ‘பாடும் மீன்’ இசையைக் கேட்கவேண்டும் என்பது அவர்களது ஆவல். அவ்வாவல் குறை கூறத்தக்கதன்று. எமர்சன் தெனந்து என்னும் பிரித்தானிய அதிகாரி, 1859-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலே இவ்விசையை வியந்து எழுதி, அது மீனின் ஒலியன்று, சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர்களின் ஒலியாகலாம் என்ற எண்ணத்தையும் வெளியிட்டார். காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகளும் 1947-இல் வெளிவந்த யாழ் நூலிலே இவ்விசையைப் போற்றியிருக்கின்றார். ஆனால், பாடும் மீனைத் தேடுவோர் பலராக, வீட்டுச் சட்டிக்குள் வரும் மீன் இவ்வளவு பெரிய நீரில் எங்கே நிற்கின்றது, ஏன் நிற்கின்றது என்று கேட்போர் மிகச் சிலராகவே இருக்கின்றனர். அக்கேள்விக்கு விடை தேடி, கல்லூரி விடுமுறை நாள்களிலே தூண்டிலுங் கையுமாக வாவியின் தென்பாகத்திற் சுற்றித் திரிந்து நான் கற்றவற்றை இங்கே வாசகருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். களுவாஞ்சிக்குடியை அடுத்த குருமண்வெளித் துறையிலே நின்று மேற்கே நோக்கினால் அக்கரையில் மண்டூர் தெரியும். சின்னக் கதிர்காமம் என்று மக்கள் போற்றும் முருகன் கோயில் அங்கேதான் உள்ளது. கதிர்காமத்திற் போலவே அங்கும் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசை செய்வர். ‘பாதை’ என்று இப்பகுதியார் வழங்கும் மிதவைப் படகிலே இத்துறையைக் கடப்பது நெடுங்கால வழக்கம். அப்படிக் கடந்துசென்ற ஒரு நாளிலேதான் படுவான்கரையைச் சேர்ந்த முதிய மீனவர் ஒருவரின் பழக்கம் எனக்குக் கிடைத்தது. வயது எழுபதைத் தாண்டியவர். அவரை நான் ‘மாமா’ என்று அழைப்பேன். அவரோ என்னிலும் முப்பது வயது மூத்தவராயிருந்தும் ‘வாத்தியார்’ என்றே அழைப்பார். அவரே எனக்கு ஆசிரியர்.

இவ்வாவியில் மீன் காண்பது எளிதன்று. காரணம், இது ஒரே நீராக இருப்பதில்லை. கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்றோடு பெருமழை பொழியும். அப்போது படுவான்கரை ஆறுகளின் வெள்ளமெல்லாம் இதற்குள் வந்து விழும். நீர் செம்மண் நிறமாகிக் கரை கடந்து புல்வெளிகளிற் பரவும். மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்து நீர் முற்றிலும் நன்னீராகிவிடும். மழை ஓய்ந்து மாசி, பங்குனியிலே கலக்கம் தெளியும். பின் கோடை முதிரும்போது, முகத்துவாரத்தின் வழியே ஏறும் உவர்நீர் மெல்ல மெல்லத் தெற்கு நோக்கி நகரும். ஆகவே சென்ற மாதம் மீன் நின்ற இடத்தில் இந்த மாதமும் நிற்கும் என்று கூற இயலாது. முதல் மூன்று மாலைப் பொழுதுகளிலே என் தூண்டிலில் ஒரு மீனும் படவில்லை. நான்காம் நாள் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வாத்தியார், நீங்க மீனத் தேடுறீங்க. மீனத் தேடாதீங்க; தண்ணியப் பாருங்க. தண்ணி சொல்லும்.”

நீர் என்ன சொல்லும்? முதலாவதாகக் காற்றைச் சொல்லும். வைகாசி தொடங்கி ஆவணி வரை நிலப்பக்கமிருந்து கச்சான் காற்று வீசும். அக்காலத்திலே படுவான்கரையோரம் காற்றுக்கு மறைவாக அமைதியாயிருக்கும். நீர் தெளிந்து அடித்தரை தெரியும். எழுவான்கரையிலோ அலை மோதிச் சேறு கலங்கும். மிதக்கும் பாசியும் சிறு பூச்சிகளும் அங்கே ஒதுங்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாக மாறும். மீனைக் கண்ணாற் கண்டு தூண்டில் இட விரும்புவோன் அமைதியான கரைக்குப் போகவேண்டும். இரை ஒதுங்கும் இடத்திலே மீனை எதிர்பார்த்திருப்போன் அலைக்கரைக்குப் போகவேண்டும். கரையைத் தெரிந்தெடுத்த பின்னரே தூண்டிலைப் பற்றிப் பேச்சு.

இரண்டாவதாக மறைவைச் சொல்லும். சிறுமீன் வெட்டவெளியில் நிற்பதில்லை. நீர்க்காகமும் கொக்கும் அதற்குக் கூற்றுவர். கரையோரக் கண்டல் மரங்களின் வேர்கள், நாணற்புதர், நீருக்குள் விழுந்து கிடக்கும் தென்னங்குற்றி, பழைய துறைக் கட்டைகள், வயல்வாய்க்கால் வாவியோடு கூடும் வாய் ஆகியவையே அதன் இல்லங்கள். வெயில் ஏறுமுன் அவை விளிம்புக்கு வந்து மேயும். நண்பகலிலே நிழலுக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கும். மாலையில் மீண்டும் வெளிவரும். நாணல் ஒன்று காற்றில்லாமலே அசைந்தால் அதன் அடியிலே பாசி மேயும் மீன் உண்டு என்று அறியலாம்.

கைப்பிடி அளவுள்ள இரண்டு வகை மீன்கள் இத்தூண்டிலுக்குரியவை. ஒன்று இம்மண்ணுக்கே உரியது: உடலெங்கும் முத்துப்போன்ற புள்ளிகளையுடைய தட்டையான மீன். மலையாள நாட்டார் கரிமீன் என்று கொண்டாடுவது இதனையே. உவர்நீர், நன்னீர் இரண்டும் இதற்கு ஒக்கும். மற்றையது வந்தேறி: திலாப்பியா. ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டுப் பெயரைத் தாங்கிய இம்மீன், 1939-இல் யாவாத் தீவிற் காணப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியரால் தென்கிழக்காசியாவிற் பரப்பப்பட்டது. இலங்கைக் குளங்களிலே 1952-இல் விடப்பட்டது. இன்று உன்னிச்சை, உறுகாமம் போன்ற பெருங்குளங்களிலும் வாவியிலும் ஏழை எளியோரின் கறிச்சட்டியை நிரப்புவது இதுவே.

இரண்டுக்கும் வாய் சிறியது. ஆகவே பெரிய தூண்டில்முள் பயன்படாது; கூர்மையான சிறுமுள்ளும் மெல்லிய தங்கூசியும் வேண்டும். திலாப்பியாவுக்கு மண்புழுத் துண்டு அல்லது பிசைந்த கோதுமை மா உருண்டை. புள்ளிமீன் பாசியை விரும்பி உண்பது. முள்ளிலே நீர்ப்பாசியைச் சுற்றி இட்டால் ஏமாறும். தக்கை கனமாயிருத்தல் கூடாது. விரால் போன்ற மீன் தக்கையை ஒரே இழுப்பில் அமிழ்த்திவிடும். இவையோ மெதுவாகக் கொறிக்கும். தக்கை அமிழுமென்று காத்திருப்போன் வெறுமுள்ளையே தூக்குவான். அது சற்றே பக்கவாட்டில் நகர்ந்தாலும் போதும். அக்கணமே மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சுண்டவேண்டும். இதைக் கற்க எனக்கு ஒரு விடுமுறை முழுதும் வேண்டியிருந்தது. அதனோடு மௌனத்தையும் கற்கவேண்டும். தோணித் தட்டிலே காலடி ஓசை எழுந்தாலே ஆழங்குறைந்த நீரில் நிற்கும் மீன் சிதறிவிடும். மண்டூர்ப் பூசகர் வாய்கட்டி நிற்பதைப் போல இங்கும் நிற்கவேண்டும் என்பது பெரியவரின் வேடிக்கைப் பேச்சு.

இனி, இக்கலையிலே மிக எளிதான பகுதியைச் சொல்கின்றேன். மிகக் கடினமான பகுதியும் அதுவே. நீர் தெளிந்த நாள்களிலே கரையோர மணலில் உணவுத்தட்டுகளை அடுக்கி வைத்தாற் போன்ற வட்டக் குழிகளைக் காணலாம். ஆண் திலாப்பியா தோண்டிய கூடுகள் அவை. பெண்மீன் அங்கே முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வாங்கிக்கொண்டு போய், ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். ஆண்மீனோ குழியைவிட்டு அகலாது, அணுகுவதையெல்லாம் துரத்தும். புள்ளிமீனின் இல்லறம் இன்னும் சிறப்பானது. கல்லிலோ கட்டையிலோ ஒட்டிய முட்டைகளைத் தாயும் தந்தையும் சேர்ந்தே காக்கும்; செட்டையால் விசிறும்; பொரித்த குஞ்சுகளைக் கூட்டமாக நடத்திச் செல்லும். வட அமெரிக்க ஏரிகளிலே, சட்டியிற் பொரிக்கும் அளவுள்ளமையால் ‘சட்டிமீன்’ என்ற பொருள்படும் பெயர் பெற்ற சிறுமீன்களும் இவ்வாறே வட்டக்கூடு தோண்டி, ஆண்மீன் காவல் நிற்கும் என்பர். கடல்கள் பிரித்தாலும் இயற்கை பிரிக்கவில்லை.

கூட்டைக் காக்கும் மீன் பசியால் அன்றிச் சினத்தால் முள்ளைக் கவ்வும். ஒரு சிறுவனும் அரைமணி நேரத்தில் பத்து மீனை எடுத்துவிடலாம். அத்தகைய குழிகள் நிறைந்த ஓர் இடத்தைக் கண்டு நான் வியந்து நின்றபோது, பெரியவர் தோணியைத் திருப்பிவிட்டார். “கூட்டுல நிக்கிற மீனப் புடிக்கிறது கெட்டித்தனமில்ல வாத்தியார். அது ஓடாது எண்டு தெரிஞ்சுதானே போடுறம்? பத்து முழம் அங்கால ஆழத்துல தேடிப் புடிங்க, அதுதான் தொழில்.” அவர் பள்ளிக்கூடத்திலே படித்தவரல்லர். ஆயினும், காவல் நிற்கும் புள்ளிமீன் இணையை எடுத்துவிட்டால் முட்டைகளைப் பிற மீன்கள் உடனே தின்றுவிடும் என்பதை உயிரியல் நூல் படித்தவனைப் போல அறிந்திருந்தார். அறிந்தமட்டில் நில்லாது அதன்படி ஒழுகியும் வந்தார்.

இவ்வறிவு நூலிலே எழுதப்பட்டதன்று. தோணியிலே தகப்பனுக்குப் பின்னால் அமர்ந்திருந்து கற்றது. கிழக்கிலே 2007 வரை நீடித்த போர்க்காலத்தில் இந்த வாவியே இரு தரப்பாரின் பிரதேசங்களுக்கிடையே எல்லையாகக் கிடந்தது. இரவிலே தோணி இறக்குவது உயிருக்கே ஆபத்தாயிருந்தது. அக்காலத்துச் சிறுவர் பலர் தகப்பனோடு வாவிக்குப் போகாமலே வளர்ந்தனர். தோணிகள் பின்னர் வாவிக்குத் திரும்பின. ஆயினும் இடையிலே அறுந்த கல்வி தானாகத் திரும்புவதில்லை. நீரைப் படிக்கத் தெரியாதவனுக்கு வலையின் கண்ணைச் சிறிதாக்குவதே வழியாகத் தோன்றும். சட்டம் தடுத்துள்ள தங்கூசி வலை, குஞ்சென்றும் தாயென்றும் பாராமல் எல்லாவற்றையும் வாரிவிடும். இன்று நிறையும் சட்டி நாளை வெறுஞ்சட்டியாகும். வாவியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் இயற்கைப் பற்று அன்று. சோற்றுக்குக் கறி உண்டா இல்லையா என்னும் கேள்வி.

ஆதலால் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையிலே உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு வாவிக்கோ குளத்துக்கோ செல்லுங்கள். தனியே செல்லாதீர்கள், சேறும் நீர்க்கொடியும் காலைச் சிக்கவைக்கும், முதலைகளும் இங்கே உண்டு. தூண்டிலோடு ஒரு குறிப்புப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாதம், எந்தக் காற்று, நீர் தெளிவா கலக்கமா, உப்பா நன்னீரா, எந்த மறைவிலே எந்த மீன் என்று எழுதுங்கள். பெரியவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும் ஒலியிலேயே குறியுங்கள். ஓராண்டு இப்படிக் குறித்தால், உங்கள் துறைக்கு முன்னே உள்ள அரைமைல் நீரைப் பற்றி வேறெந்த நூலிலும் இல்லாத ஒரு நூல் உங்கள் கையில் இருக்கும். வட்டக்குழிகள் கண்ணிற் பட்ட நாளிலே, எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு, தூண்டிலைப் பத்து முழம் அப்பால் இடுங்கள். அங்கே பிடிபடும் நான்கு மீன் ஒரு வீட்டுச் சொதிக்குப் போதும்.