வகிடு அகன்ற கதை

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னன் ஒருவன் ஐயங்கொண்டான் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதை. ஐயம் தீர்ப்பவருக்குப் பொற்கிழி என்று அறிவித்தான். தருமி வந்தான், நக்கீரர் எழுந்தார், இறைவனே இறங்கி வந்தான். நெற்றிக்கண் வரைக்கும் போயிற்று வழக்கு. இத்தனை பேர் வாதிட்டார்களே, அந்த அரசியை அழைத்து, "அம்மா, உன் தலையைப் பற்றி நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டதாகக் கதையில் இல்லை.

பெண்ணின் தலையைப் பற்றிப் பேச ஊருக்கெல்லாம் உரிமை உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை போலும். தாராவியில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் இதை நான் இரண்டு ஆண்டுகள் பட்டறிந்தேன். அதைத்தான் எழுத வந்தேன். தலைப்பருவும் முடியுதிர்வும் ஒரு மாணவர் இதழுக்கு உரிய பொருளா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இருக்கலாம். இருக்கட்டும். நம் மன்றத்து மாணவியருள் சிலருக்கேனும் இது பயன்படும் என்பது என் துணிபு. மாணவர்களுக்கும் அக்காள் தங்கையர் உண்டன்றோ?

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு சொல். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். அந்தத் தொழில் எங்கள் குடும்பத்தை விட்டுப் போயிற்று, நாங்கள் தங்கிவிட்டோம். 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒற்றை அறை. அம்மா விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கிறாள். அப்பா அதைச் சுமந்து சென்று மாதுங்காப் பக்கம் விற்று வருகிறார். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரந்தான். கழிவறை சந்துக்கே பொது. இந்தக் கடைசிச் செய்தியை எதற்காகச் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு. எனக்கு வயது 18. பின்தலையில் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றின. சீப்புப் பல் பட்டால் உயிர் போகும். சில சீழ் கட்டி உடையும். சில உள்ளேயே முடிச்சுப் போல் நிற்கும். காலையில் தலைக்குக் குளித்தால் மாலைக்குள் பிசுபிசுத்துவிடும். பிறகு முடி கொட்டத் தொடங்கிற்று. நூல் பிடித்தாற்போல் இருந்த வகிடு மெல்ல மெல்ல அகன்று, அடுத்த தீபாவளிக்குள் சுண்டுவிரல் அகலமாயிற்று. நெற்றியோரத்து முடி இருந்தபடியே இருந்தது; உச்சியில்தான் தோல் தெரிந்தது.

உடனே சந்தில் அவை கூடிற்று. "எல்லாம் இந்தப் பம்பாய்த் தண்ணி" என்றாள் அத்தை. கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இரவு கண்விழித்துப் படிப்பதால் உடம்புச் சூடு ஏறிவிட்டது என்றார் அப்பா. ஆச்சிக்கு ஐயமே இல்லை. "ஏட்டி, எண்ணெ வைக்காம தலையைப் பரட்டையாப் போட்டா முடி எப்படி நிக்கும்?" என்று உச்சியில் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்கக் கொப்புளம் பெருகிற்று.

தண்ணீர்க் கட்சிக்கு மட்டும் நான் அப்போதே மறுமொழி சொன்னேன். தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகளிலிருந்து வரும் அதே தண்ணீரில்தான் அத்தையும் குளிக்கிறாள். ஒரே குழாய், ஒரே வாளி. அவள் கொண்டை குறையவில்லையே! அத்தை சிரித்தாள், கட்சி மாறவில்லை.

மாதுங்காவில் ஓர் உறவினர் திருமணம் வந்தது. அம்மா பெட்டியிலிருந்து சவுரி ஒன்றை எடுத்தாள். எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வச்சுக்கோ தாயி" என்றாள். அவள் குரலில் கண்டிப்பு இல்லை, அச்சந்தான் இருந்தது. அந்த அச்சத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் இந்நகரில் பலர். நிலையத்துக்கு அருகே ஒரு சிகிச்சைக் கூடத்தில் பத்து முறை ஆவி பிடித்துவிட்டு இட்லி விற்ற பணத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்கள். அவர்களும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் சயான் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவுதான். கேஸ் பேப்பர் எடுத்து, வரிசையில் அரை நாள் நின்று, தோல் பிரிவுக்குள் நுழைந்தோம். மருத்துவர் ஒரு மராத்திப் பெண்மணி. வகிட்டை விலக்கி அரை நிமிடம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?" என்று இந்தியில் கேட்டார்.

அம்மா திடுக்கிட்டாள். தலையைக் காட்ட வந்த இடத்தில் இது என்ன கேள்வி! ஆனால் எனக்கு விடை தெரியும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை. சில நேரம் நான்கு. அம்மாவுக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் கவலைப்படவில்லை என்று கேட்பீர்கள். பொதுக் கழிவறைக்கு முன் வரிசையில் நின்று பழகியவர்களுக்கு அந்த நாட்கள் எவ்வளவு பெரிய தொல்லை என்பது தெரியும். துணியை எங்கே மாற்றுவது, எங்கே எறிவது? குறைத்து வந்தால் அது எங்களுக்கு ஒரு வசதியாகவே இருந்தது. "இவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை" என்று அம்மா அண்டை வீட்டாரிடம் மகிழ்ச்சியாகச் சொன்னதும் உண்டு.

அந்த மருத்துவர் சொன்னதையும், பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள்ளன. (மயிர் என்பது நல்ல தமிழ்ச் சொல், வசையாக்கியது நாம்.) ஒவ்வொரு மயிரும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, மூன்று மாத அளவு ஓய்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. ஆதலால் உதிர்வதை எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. முளைப்பது பழைய பருமனில் முளைக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆண்மை இயக்குநீர்கள், அதாவது ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள், பெண்ணின் உடலிலும் உண்டு. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அவற்றைச் சிறிதளவு சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனை, மயிர்க்காலிலும் அதை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியிலும் உள்ள ஒரு நொதி, இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அது எண்ணெய்ச் சுரப்பியைப் பெருக்க வைக்கும். எண்ணெய் மிகும், துளை அடையும், தோலில் வாழும் நுண்ணுயிர் அங்கே பெருகும், பரு எழும். ஏற்கெனவே உள்ளிருந்து எண்ணெய் வழியும் தலையில் மேலும் எண்ணெய் ஊற்றினால் என்னாகும்? ஆச்சியின் அன்புக்குக் குறைவில்லை, அடைப்புக்கும் குறைவில்லை.

அதே பொருள் மயிர்க்காலைச் சுருங்கச் செய்யும். தடித்து வளர்ந்த மயிர் அடுத்த சுற்றில் மெலிந்து முளைக்கும். அதற்கடுத்த சுற்றில் பூனைமயிர் ஆகும். விந்தை என்னவென்றால், தலையில் மயிரைக் கெடுக்கும் இது தாடையில் மயிரை வளர்க்கிறது. எல்லார் தலையும் இதற்குப் பணிவதும் இல்லை, பரம்பரை வேண்டும். இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் வகிடு அகலும் பெண்கள் பலர்.

1942-இல் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிஞர், பருவமடையுமுன் விரை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் விழத் தொடங்குகிறது என்றும் எழுதினார். பெண்களின் வழுக்கையை வகைப்படுத்தி லுட்விக் என்பவர் எழுதியது 1977-இல். நெற்றியோரம் நிலைக்க உச்சி மெலிவதே அதன் அடையாளம் என்றார். என் தலையை அவர் பார்த்ததில்லை. ஆயினும் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. ஆண் தலைக்கும் பெண் தலைக்கும் இடையே 35 ஆண்டு!

எனக்கு இருப்பது சினைப்பை நீர்க்கட்டி நோய் என்றார்கள். சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இருவர் 1935-இல் ஏழு பெண்களைக் கண்டு எழுதிய நோய் இது. பெயரைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள். கட்டி என்றால் அறுவை என்றல்லவா பொருள்? உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முழு வளர்ச்சி பெறாமல் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகள், அவ்வளவே. 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள், மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய் இல்லையென்று தெளிந்தால் இதுவே என்று வகுத்தார்கள்.

இதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது அது மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. என் கழுத்தின் பின்புறம் கறுத்திருந்ததைப் பார்த்ததுமே மருத்துவருக்கு இது தெரிந்துவிட்டது. அதை அழுக்கு என்று எண்ணி அம்மா பயற்றமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நீரிழிவு உண்டு. எனக்கும் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதி எடுத்தார்கள். மாதவிலக்கு வராதிருந்தால் வசதி என்று எண்ணினோமே, அதுவும் தவறான கணக்கு. கருப்பையின் உட்படலம் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடங்கொடுக்கும்.

இது ஏதோ அரிய நோய் என்று எண்ண வேண்டா. பரேலில் உள்ள தேசிய இனப்பெருக்க நல ஆய்வு நிறுவனத்தார் மும்பையில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடையே ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ராட்டர்டாம் வரையறைப்படி 22.5 விழுக்காடு, அதனினும் கடுமையான வேறொரு வரையறைப்படி 10.7 விழுக்காடு. குறைந்த கணக்கையே கொள்வோம். நம் மன்றக் கூட்டத்திற்கு வரும் மாணவியரைப் பத்துப் பத்தாக எண்ணிப் பாருங்கள்.

மருந்துச் சீட்டை வாங்கியபின்தான் வீட்டில் புயல் எழுந்தது. மருத்துவர் எழுதியிருந்தது கருத்தடை மாத்திரை. கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. "கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதா மருந்து?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். மறுவாரம் நான் அவளை மருத்துவரிடமே அழைத்துப் போனேன். சினைப்பையின் ஆண்ட்ரோஜனை இம்மாத்திரை குறைக்கிறது, உள்ளதையும் குருதியில் கட்டிப்போடும் புரதத்தைப் பெருக்குகிறது, மாதவிலக்கை ஒழுங்குபடுத்துகிறது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். குருதி உறையும் நோய் குடும்பத்தில் உண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா என்றெல்லாம் கேட்ட பிறகே கொடுத்தார். எல்லார்க்கும் ஏற்ற மருந்தன்று. அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, வெளியே வந்து, "அட்டையை அரிசி டப்பாக்குப் பின்னால வை" என்றாள். அவள் இசைவு தெரிவிக்கும் முறை அது.

தலைக்குப் போட மினாக்சிடில் என்னும் நீர்மருந்தும் கொடுத்தார்கள். இரத்த அழுத்தத்திற்காகக் கண்டுபிடித்த மருந்து. உண்டவர்களுக்கு மயிர் வளர்வதைக் கண்டு தலைக்குத் திருப்பிவிட்டார்கள். முதல் சில வாரங்கள் முடி கூடுதலாகவே கொட்டியது. இது நேரும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நான்கு மாதம் வரை ஒன்றும் தெரியவில்லை. நாள்தோறும் மாலையில் 90 அடிச் சாலையில் வேகநடை நடந்தேன். அச்சாலையில் வேகமாக நடப்பது எளிதன்று என்பதை அங்கே போனவர் அறிவர். ஏழாம் மாதம் கொப்புளங்கள் பெரும்பாலும் அடங்கின. வகிடு பழைய நூலாகவில்லை. அகல்வது நின்று, ஓரங்களில் குறுமயிர் எழுந்திருக்கிறது. மருந்தை விட்டால் அதுவும் போய்விடும் என்கிறார்கள். சவுரி பெட்டியில் இருக்கிறது.

முடி கொட்டினால் எல்லாம் இந்நோய் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டா. தைராய்டுச் சுரப்பி மந்தமானாலும் கொட்டும். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் கொட்டும். கடுங்காய்ச்சலோ மகப்பேறோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாய்க் கொட்டிப் பிறகு தானே முளைப்பதும் உண்டு. தலையில் எழும் கொப்புளம் வெறும் கிருமியாலும் வரலாம். எது என்று காண்பதற்குச் சில இரத்தச் சோதனைகளும், கேட்கக் கூசாத ஒரு மருத்துவரும் வேண்டும்.

சென்ற மாதம் எதிர் வீட்டுக்காரி பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகளை அழைத்து வந்தாள். நெற்றியிலும் தலையிலும் பரு. "என்ன எண்ணெ வச்சா நிக்கும்க்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையை அருகில் உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, "மாசாமாசம் ஒழுங்கா வருதா தாயி?" என்றாள். ஒழுங்காகத்தான் வருகிறதாம். வெறும் பருவப் பருவாக இருக்கலாம். ஆயினும் சயானில் தோல் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதை அம்மாவே விவரமாகச் சொல்லி அனுப்பினாள்.