எட்டாம் நம்பர் வீடு

லேபில் 8086 புரோகிராம் எழுதும்போது முதலில் ‘.மாடல் ஸ்மால்’ என்று போடுகிறோம். பிறகு ‘மூவ் ஏ.எக்ஸ்., @டேட்டா’, ‘மூவ் டி.எஸ்., ஏ.எக்ஸ்.’ என்று இரண்டு வரிகள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "எல்லா ரெக்கார்டிலும் அப்படித்தான்டா இருக்கு" என்று பதில் வரும்.

காரணம் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086-க்கு முகவரிக் கம்பிகள் 20. அதனால் 10,48,576 பைட்டுகள், அதாவது 1 மெகாபைட் வரை அது தொட முடியும். ஆனால் ரெஜிஸ்டர்களோ 16 பிட்தான். ஒரு ரெஜிஸ்டரால் 65,536 இடங்களை மட்டுமே குறிக்க முடியும். ஆகவே முகவரியை இரண்டாகப் பிரித்தார்கள். செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் உண்மையான முகவரி கிடைக்கும்.

என் அப்பா ஒரகடம் பக்கம் ஒரு குடோனில் லோடு ஏற்றுகிறார். பள்ளிக்கூடம் போகாதவர், நம்பர் மட்டும் படிப்பார். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். ஒரு நாள் ராத்திரி, "அப்படி என்னதான்பா படிக்கிற?" என்று கேட்டார்.

"எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போன்னு சொன்னா போயிடுவியாப்பா?"

"எந்தத் தெருன்னு சொல்ல வேணாமா? படப்பையில தெருவுக்கு ஒரு எட்டாம் நம்பர் இருக்குமே!"

"அதுதான்பா பாடம்" என்றேன். "இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?" என்று சிரித்தார்.

செக்மென்ட் என்பது தெரு. ஆஃப்செட் என்பது கதவு எண். இ.எக்ஸ்.இ. புரோகிராமை டாஸ் ஏற்றும்போது டி.எஸ். நம் டேட்டாவைக் காட்டாது, பி.எஸ்.பி. என்ற 256 பைட் பகுதியைக் காட்டும். அதை நம் தெருவுக்குத் திருப்பத்தான் அந்த இரண்டு வரிகள். எண்ணை நேராக டி.எஸ்.-இல் போட 8086-இல் கட்டளை கிடையாது. அதனால்தான் ஏ.எக்ஸ். வழியாகச் சுற்றிப் போகிறோம்.

எத்தனை தெரு வேண்டும் என்று சொல்வதே மாடல். டைனியில் எல்லாமே ஒரே 64 கிலோபைட்டுக்குள். ஸ்மாலில் கோடுக்கு ஒன்று, டேட்டாவுக்கும் ஸ்டாக்குக்கும் சேர்த்து ஒன்று. மீடியத்தில் கோடு பெருகலாம். காம்பேக்டில் டேட்டா பெருகலாம். லார்ஜில் இரண்டும் பெருகலாம்.

இன்றைய 64 பிட் கம்ப்யூட்டரில் இந்தத் தெருக்கணக்கு பெரும்பாலும் மறைந்துவிட்டது. பின் எதற்குப் படிக்க வேண்டும்? நாளை நம்மில் பலர் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையோரத் தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்குப் போவோம். அங்கே ஒரு மெஷின் நின்றுவிட்டால் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பயனில்லை. எந்த வரி எதற்கு என்று தெரிந்தவன்தான் தைரியமாகக் கை வைப்பான்.

நம் வீடுகளில் சொல்லித்தர ஆளில்லை. வகுப்பில் எழுந்து நின்று "ஏன் சார்?" என்று கேட்பதைத் தவிர, நமக்கு வேறு டியூஷன் ஏது?