வேகம் போதுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் உலகத்திலேயே பெரிய வேகக்காரர் யார்? கிட்டார் பழகும் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வந்துவிடுகிறது. 1978-ல் இரண்டு கை விரல்களாலும் கம்பியைத் தட்டி எல்லோரையும் மிரட்டிய எட்டி வான் ஹேலன் என்பான் ஒருவன். ஸ்வீடன்காரர் இங்வே மால்ம்ஸ்டீன் என்பான் இன்னொருவன். ஜான் மெக்லாஃப்லினை விட்டுவிட்டாயே என்று மூன்றாமவன் சண்டைக்கு வருவான்.

எங்களுக்கு இது பழைய வழக்கு. 1980-களில் பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு பாசஞ்சரில் வேலைக்குப் போய்வந்த எங்கள் சீசன் டிக்கெட் கோஷ்டியிலும் இதே வாதம் நடந்தது. வாத்தியம்தான் வேறு, மாண்டலின். ஸ்ரீநிவாஸ் அப்போது பதின்வயதுப் பையன். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியிலேயே ஊறிய ஒரு பெரியவர், "பையன் ஓடுறான், நிக்க மாட்டேங்கிறான்" என்பார். எதிர் சீட்டுக்காரர், "அண்ணே, மூணாம் காலத்துல ஒரு ஸ்வரமாவது கலங்குதா, அதைச் சொல்லுங்க" என்பார். தஞ்சாவூர் வந்தாலும் தீர்ப்பு வராது.

ஸ்ரீநிவாஸ் 1969-ல் ஆந்திராவில் பாலக்கொல்லில் பிறந்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் வாசிப்பான். 1978-ல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981-ல் சென்னை. பழைய மாண்டலினில் எட்டுக் கம்பி, ஜோடி ஜோடியாக இருக்கும். மீட்டிய நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஜோடிக் கம்பியை இழுத்துக் கமகம் பேசவைப்பதும் கஷ்டம். அவர் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து போட்டு, மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார். நாதம் நின்றது, கமகமும் வந்தது.

கிட்டாரின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1930-களில் பெரிய பேண்டுகளின் சத்தத்துக்கு நடுவே கிட்டார் காதில் விழவேண்டும் என்றுதான் அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள். லேசாகத் தொட்டாலும் ஒலிக்கிறது என்று தெரிந்த பிறகு விரல்கள் ஓட ஆரம்பித்தன. ஆக, வேகம் பின்னால் வந்த வரவு.

மெக்லாஃப்லின் வேகத்துக்குப் பேர்போனவர். அவர் அமெரிக்காவில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும், அதனால் கம்பியை நன்றாக இழுக்கலாம். சக்தி குழுவில் அவர் வாசித்த கிட்டாரிலும் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். அத்தனை வேகக்காரர் நம்மிடம் தேடி வந்தது ஒரு ஸ்வரத்தை வளைக்கும் வித்தைக்காக! பின்னாளில் 'ரிமெம்பர் சக்தி'யில் அவரும் ஸ்ரீநிவாஸும் ஒரே மேடையில் வாசித்தார்கள். சென்னை ஐஐடியில் படித்த பிரசன்னா, கிட்டாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் படிக்கும் என் பேரன் மூன்று வருடமாக கிட்டார் வாசிக்கிறான். போன மாதம் வந்தபோது அதை விற்றுவிடப் போவதாகச் சொன்னான். "அவங்க ஸ்பீடு எனக்கு இந்த ஜென்மத்துல வராது தாத்தா." தினமும் மெட்ரோநோமை ஏற்றி ஏற்றி வைத்துத் தோற்றிருக்கிறான். குரலில் அழுகை இருந்தது.

நம் ஊரில் சரளி வரிசையை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். முதலில் ஒரு காலம், பிறகு அதன் இரட்டிப்பு, பிறகு நான்கு மடங்கு. முதல் காலத்தில் ஸ்வரம் நிற்காதவனை நல்ல வாத்தியார் மூன்றாம் காலத்துக்கு விடமாட்டார். "உன்னை ஒருத்தரும் முதல் காலத்துல உட்கார வைக்கலைடா. ஆறு மாசம் உட்கார்ந்து பாரு, அப்புறம் வித்துக்கலாம்" என்றேன். அன்று ராத்திரி ஸ்ரீநிவாஸின் ஓர் ஆலாபனையைப் போட்டோம். முதல் சில நிமிஷம் விரல் அவசரப்படவே இல்லை.

அவர் 2014 செப்டம்பர் 19-ல் போய்விட்டார். 45 வயதுதான். அந்த வேகத்தை எட்டக்கூடியவர்கள் இன்னும் வரலாம். எனக்கு மனதில் நிற்பது, ஓட ஆரம்பிக்கும் முன் அவர் நிறுத்திப் பிடித்த அந்த ஒற்றை ஸ்வரம்.