பதினாறாம் வாய்ப்பாடும் பத்து கிலோமீட்டரும்



இந்த ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கி.மீ. ஓடினேன். 63 வயதில் முதல் ஓட்டம்.

மனைவி மறைந்தபின் தினமும் விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். பேச ஆளில்லை. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் ஓடத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை; வாரம் மூன்று நாள். ஓடும்போது பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வேன். தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கினால் நடை. ஆறு மாதத்தில் நடை குறைந்தது, ஓட்டம் கூடியது.

போட்டியன்று எல்லோரும் முந்திப் போனபோது என் காலும் பரபரத்தது. வாய்ப்பாடுதான் பிடித்து நிறுத்தியது. ஒரு மணி 38 நிமிடத்தில் முடித்தேன்.

சர்க்கரை, மூட்டுவலி என்று போனில் சொல்லும் பிள்ளைகளே, டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். வாய்ப்பாடு மறந்திருக்காது என்று நம்புகிறேன்!